ஒரே நம்பரில் இருபத்திரண்டு பேர்

கதிர்,

போன வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் போனுக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. ஒன்று இரண்டோடு நிற்கவில்லை. லேமினேஷன் மிஷின் சூடாகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தவன், அதை மறந்து போனையே பார்த்தபடி நின்றுவிட்டேன். மொத்தம் இருபத்திரண்டு. ஒன்றுகூட என் பெயருக்கு இல்லை. 'அன்புள்ள முருகன்', 'அன்புள்ள அந்தோணியம்மாள்', 'அன்புள்ள ஏழுமலை' என்று ஆரம்பித்து, எல்லாவற்றிலும் ஒரே வாசகம். உங்கள் படிப்புக்கேற்ற வேலை உங்கள் ஊரிலேயே காத்திருக்கிறது, நீங்கள் நம்பும் திண்டிவனம் பூத்து அண்ணன் கடையின் புதிய சேவை, கீழே உள்ள லிங்க்கைத் தொடுங்கள். பதினாறாவதோ பதினேழாவதோ மெசேஜில் 'அன்புள்ள செல்வி' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செல்வி யார் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உடனே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். "கதிரு, மெசேஜு வந்துதுடா" என்றேன். "சூப்பர்ப்பா. டெலிவரி ஆயிடுச்சா? தமிழ் எழுத்து ஒடையாம வருதா?" என்று கேட்டாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று கேட்ட குரல் அது. அதற்குமேல் நான் என்ன சொல்ல? "நல்லாத் தெரியுதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று உன் அம்மா கேட்டாள். உன்னிடம் போனில் பேசி நான் ஜெயித்ததே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்துச் சொல்வாய், அதில் ஏழு இங்கிலீஷாக இருக்கும், நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை பெங்களூரில், உன் வேலை தேடித் தரும் கம்பெனிக்குப் பணம் போடுகிறவர்கள் முன்னால் நிற்கப்போகிறாய். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். உன்னோடு கம்பெனி நடத்துகிற அந்த இரண்டு பிள்ளைகளும் படிக்கட்டும். எனக்கு இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ சோதித்துப் பார்க்க முதலில் இருபத்திரண்டு பேருக்கு அனுப்பியது எப்படி ஒரே ஆளுக்கு வந்தது என்று நீ யோசித்தாயா என்று தெரியவில்லை. நீ பிறந்த தொண்ணூற்று மூன்றில்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் போட்டேன். வீட்டில் போன் இல்லாதவர்கள் அப்போது கல்யாணப் பத்திரிகையிலும் வேலை அப்ளிகேஷனிலும் தெரிந்த கடை நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். நம் பூத் நம்பர் எத்தனை பேருக்கு பி.பி. என்பது எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகன் பேசுவான் என்று மரக்காணத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒன்பது மணிக்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே அழுவது, சண்டை போடுவது, பொண்ணு பார்க்க வருவதாகச் சொல்வது எல்லாம் வெளியே கேட்கும். நான் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கேட்டதை உன் அம்மாவிடம்கூட ஒரு நாளும் சொன்னதில்லை. பூத்துக்காரனுக்கு அதுதான் கைமுதல் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது. பிற்பாடு அது எப்படிப் போனது என்பதுதான் விஷயம்.

நீ மூன்றாவது படிக்கும்போது பூத்தில் கூட்டம் குறைந்தது. சுவரை இடித்துப் பிளைவுட் தடுப்பு வைத்து, இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். நானும் மார்க்கெட்டிங் செய்திருக்கிறேன், தெரிந்துகொள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'இங்கே ஈ-மெயில் வசதி உண்டு' என்று பிட் நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு பெரியவர் வாங்கிப் படித்துவிட்டு, "மெயிலு எத்தினி மணிக்கு வருது? இங்க நிக்குதா, இல்ல விழுப்புரந்தான் போய் ஏறணுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்த ஜனங்கள் நம்பி வருவது கம்ப்யூட்டரை இல்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை என்று. நீ இப்போது பெங்களூரில் காட்டப்போகிற படங்களில் அதைத்தான் 'டிரஸ்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

எம்ப்ளாய்மெண்ட் பதிவு, நர்சிங் கவுன்சலிங், ரயில்வே பரீட்சை என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு வந்தது. எல்லா பாரத்திலும் சிவப்பு நட்சத்திரம் போட்ட இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று ஈ-மெயில், ஒன்று மொபைல். இரண்டும் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. அந்த வெப்சைட்டைச் செய்தவன், நாட்டில் எல்லோரிடமும் இது இரண்டும் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். வந்தவர்களிடம் இரண்டுமே இல்லை. நான் என்ன செய்தேன்? ஆளுக்கொரு ஈ-மெயில் நானே திறந்து கொடுத்தேன். மொபைல் கட்டத்தில் என் நம்பரைப் போட்டேன். அதே பழைய பி.பி. பழக்கம்தான். பாஸ்வேர்டு? சீட்டில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். உன் பெயர், பின்னால் நீ பிறந்த வருடம். "எம்மவன் பேரு, ஞாபகம் வெச்சிக்கினா போதும்" என்று சொல்வேன். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். திண்டிவனத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எத்தனை பேர் உன் பெயரை டைப் செய்து உள்ளே போனார்கள் என்று கணக்கே இல்லை. பெயர், ஊர், அப்பா பெயர், மார்க், சாதிச் சான்றிதழ் நம்பர், ஈ-மெயில், மொபைல் கட்டத்தில் போட்ட நம்பர், ஊரில் ஆளைக் கூப்பிட வேறு நம்பர் இருந்தால் அது, எல்லாவற்றையும் நீள நோட்டில் எழுதி வைத்தேன். மூன்று நோட்டு நிரம்பியது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும், எல்லா நிபந்தனைக்கும் சம்மதம் என்று. அதையும் நானேதான் டிக் செய்தேன். ஒரு தடவைகூட அந்த நிபந்தனையைப் படித்ததில்லை. அவர்கள் சம்மதித்தது எனக்கு, நான் சம்மதித்தது யாருக்கு என்று இன்றுவரை தெரியாது.

இப்போது விழுப்புரத்துக்கு வருகிறேன். நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்த சமயம், ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் எஸ்.எம்.எஸ். மார்க்கெட்டிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் நம் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் லேப்டாப் பை, பேச்சில் தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பிரவுசிங் கடை வெச்சிக்கினு மணிக்கு இருபது ரூபா வாங்கிக்கினு இருக்கீங்க. இது இன்னா தெரியுமா? இதான் சார் ஃபியூச்சரு. ஒண்ணும் தப்பா பண்ணப் போறதில்ல, வேலை இருக்குன்னு அவங்களுக்கே மெசேஜு போடுவோம், அவங்களுக்குத்தான் நல்லது" என்றார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? எனக்குப் புத்தி இருந்தது. அவர் பதிலுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் தருவதாகச் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஏ.சி. போட்டு ஒரு சென்டர் வந்து, நம்முடைய இரண்டு பழைய டப்பாவையும் பார்த்து ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரம். இரண்டாவது நோட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்தேன். அதிலிருந்தே தெரிகிறதல்லவா, தப்பு என்று எனக்குத் தெரிந்தேதான் செய்தேன் என்று.

செல்வி அந்த இரண்டாவது நோட்டில் இருந்தாள். விக்கிரவாண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டைச் செடி பிடுங்கவும் நடவுக்கும் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். நர்சிங் முடித்துவிட்டு, எந்த விளம்பரம் வந்தாலும் ஓடி வந்துவிடுவாள். "அண்ணே, இன்னிக்கு கடைசி நாளாம்ணே, ஜல்தி ஜல்தி" என்று வாசலில் செருப்பை விடும்போதே சொல்லிக்கொண்டு வருவாள். பாரத்தில் ஒரு எழுத்து தப்பானாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் இரண்டு மாதம் ஆளைக் காணோம். ஒரு நாள் அம்மாவோடு வந்தாள். செருப்பைக்கூட விடாமல் வாசலிலேயே நின்றாள். ஊரில் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஒருத்தன் பேசியிருக்கிறான், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை ஆகிவிட்டது என்று. முன்பணம் கேட்டிருக்கிறான். அம்மாவின் கம்மலை விற்றுக் கட்டியிருக்கிறார்கள். பெட்டி படுக்கையோடு சென்னைக்குப் போய் இறங்கினால், அந்த அட்ரஸில் ஒரு பூட்டிய குடோன்.

அவள் என்னைத் திட்ட வரவில்லை, கதிர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதவி கேட்டு வந்தாள். "அவன் எங்கப்பா பேரச் சொன்னான்ணே. பயாலஜியில இன்னா மார்க்குன்னு சொன்னான். நம்ம சர்ட்டிபிகேட்டு நம்பரு வரைக்கும் சொல்றானே, கவருமெண்ட்டு ஆளாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்ணே. இது அவனுக்கு எப்பிடிண்ணே தெரியும்? கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனில் ஒன்றுமே இல்லை. "இதெல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, நெட்டுல எப்பிடி எப்பிடியோ எடுத்துடறானுங்க, பேஜாருதான்" என்று சொன்னேன். அவள் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு செல்வி நம் கடைக்கு வரவே இல்லை. வேறு கடைக்கும் போகவில்லை என்று பின்னால் அந்த ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான். படித்தது போதும் என்று அடுத்த தையில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்களாம். விழுப்புரத்து ஆபீஸுக்கு நான் போனேன். மாடியில் வேறு யாரோ தையல் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புதுக் கம்ப்யூட்டர் எது என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். ஜன்னலோரம் வைத்திருந்த கறுப்புப் பெட்டி. தவணையில் எடுத்தேன் என்று உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொன்னேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில்தான் உட்காருவாய். முதன்முதலாகப் புரோகிராம் எழுதி ஸ்கிரீனில் உன் பெயரை ஓடவிட்டு, "யப்பா, இங்க வா, பாரு" என்று கூப்பிட்டாயே, அதுவும் அதில்தான். நான் வந்து பார்த்தேன், உன் தலையைத் தடவினேன், போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். உன் படிப்பின் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நீ படித்தது உன் கெட்டிக்காரத்தனம். ஆனால் உன்னை அதன் முன்னால் உட்கார வைக்க நான் எதைக் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியாமலே போனால், நீயும் அதையே செய்வாய், செய்கிறோம் என்றுகூடத் தெரியாமல் செய்வாய். அந்தப் பயம்தான் இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. மாத்திரை போட்டேனா இல்லையா என்று மறந்து இரண்டு தடவை போட்டுக்கொண்டு உன் அம்மாவிடம் வசவு வாங்கினேன்.

ஆடி மாதம் நீ வந்திருந்தபோது நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கடை பீரோ திறந்திருந்தது, நீ மூன்றாவது நோட்டையும் படம் பிடித்து மூடிக்கொண்டிருந்தாய், கையில் போன் இருந்தது. "பழைய நோட்டுல்லாம் இன்னும் வெச்சினுக்கிறியாப்பா?" என்று சிரித்தாய். நான் டீயை நீட்டினேன். அப்போதே கேட்டிருக்கலாம். செல்விக்கு முன்னால் வாய் அடைத்த மாதிரி உனக்கு முன்னாலும் அடைத்துவிட்டது. என் பயங்களை வரிசையாகச் சொன்னால் நீ சிரிப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். உன் போனில் இருக்கிற அந்தப் போட்டோக்களில் வெறும் பெயரும் நம்பரும் இல்லை. பாஸ்வேர்டும் இருக்கிறது, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என் மடத்தனத்தால். அந்தப் போன் பஸ்ஸில் தொலைந்தால்? உன்னோடு இருக்கிற பிள்ளைகளில் ஒருவன் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போனால்? உங்கள் கம்பெனியையே பெரிய கம்பெனி ஒன்று வாங்கினால், இந்த நோட்டும் சேர்ந்துதானே போகும்? போலீஸ் வந்தால் உன்னைத்தானே கூட்டிக்கொண்டு போவார்கள்? இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். "புள்ள இப்பத்தான் முன்னுக்கு வந்துக்கினு இருக்கான், நீ ஏன் குறுக்க போய் நிக்கிற" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குச் செல்வியைத் தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

உன் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒன்றிரண்டு சொல்கிறேன், கடைக்காரன் சொல்வது என்று தள்ளிவிடாதே. அந்த இருபத்திரண்டு பேரையும் உன் கணக்கில் இருபத்திரண்டு யூசர் என்று எழுதியிருப்பாய். உண்மையில் அது ஒரே ஒரு ஆள், அதுவும் ரத்தக்கொதிப்பு உள்ள ஆள். பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது, உனக்குத் தெரிய வேண்டாமா? நம் பக்கத்தில் ஒரு போனை ஒரு வீடே வைத்துக்கொண்டிருக்கும், ஒரு நம்பரை ஒரு தெருவே கொடுத்திருக்கும். எண்ணிக்கையை வைத்துச் சந்தோஷப்படாதே. இலவசம் என்று போட்டால் எல்லோரும் தொடுவார்கள் என்கிறாய். தொடுவார்கள், அப்புறம் கடைக்கு வந்து, "இது நெசமா அண்ணே?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும். உன்னிடம் வேலை நிஜமாகவே இருக்கிறது என்கிறாய், நான் நம்புகிறேன். அப்படியானால் நேராகப் போய்க் கேள். அமாவாசை அன்று மேல்மலையனூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மேசை போட்டு உட்காரு. அந்தச் சம்மதக் கட்டத்தைத் தமிழில் நாலே வரியில் எழுது, அவர்கள் விரலாலேயே தொடட்டும். வேண்டாம் என்றால் எப்படி வெளியே வருவது என்றும் எழுது. நானும் கூட வந்து உட்காருகிறேன். ஒரு நாளைக்கு முப்பது பேர் சேர்ந்தால் பெரிது. ஆனால் அந்த முப்பது பேரும் முப்பது பேராக இருப்பார்கள்.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு விக்கிரவாண்டிக்குப் பஸ் ஏறினேன். டோல்கேட்டைத் தாண்டி ரோட்டோரத்தில் செல்வியின் வீட்டுக்காரர் டிபன் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். கல்லாவில் அவள்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அண்ணே, வாங்கண்ணே, இன்னா இவ்ளோ தூரம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு லாரி டிரைவர் விரலை வெட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு டப்பாவை எடுத்து, காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்து, அவ்வளவு நறுவிசாகக் கட்டுப் போட்டுவிட்டாள். டிரைவர் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெராக்ஸ் எடுத்தது, கம்ப்யூட்டர் வாங்கியது, அன்றைக்கு வெறும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் ஈரத்துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "எங்கம்மா அன்னிக்கே சொல்லிச்சிண்ணே, அந்த பூத்துக்காரன் மூஞ்சே சரியில்ல, அவன்தான் குட்த்திருப்பான்னு. நான் எங்கம்மாகிட்ட சண்ட போட்டேன். ஒரு வாரம் பேசல. எங்கண்ணன் அப்பிடியெல்லாம் பண்ணாதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். எங்கம்மா போய் மூணு வருசமாச்சி." அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கும்பிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பி, ஒரு காபி போடச் சொன்னாள். குடிக்காமல் வர முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. அவள் ஈ-மெயிலின் பாஸ்வேர்டை அங்கேயே மாற்றினோம். என்ன வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் நம்பர் மாறியிருக்கிறார்கள், சிலர் ஊரிலேயே இல்லை. கிடைக்கிறவர்களைப் பாஸ்வேர்டு மாற்ற வைக்கிறேன், என் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் நம்பரைப் போட வைக்கிறேன். கடைசியில் ஒன்று சொல்கிறேன், என் கடை பெயரைச் சொல்லி வேலை இருக்கிறது என்று யார் மெசேஜ் போட்டாலும், உங்கள் மார்க்கைச் சொன்னாலும், அப்பா பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று. இதை முதலில் செல்வியிடம்தான் சொன்னேன். கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உங்க கதிரு பேசுனா?" என்று கேட்டாள். நீ சின்ன வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டியிருக்கிறாய் என்று உனக்கு நினைவிருக்காது, அவளுக்கு இருக்கிறது. ரோட்டில் பஸ் ஒன்று போய் முடியும்வரை நின்றேன். "கதிரு பேசுனாலும் நம்பாதம்மா" என்றேன்.

இப்போது எல்லோரிடமும் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேற்று ஏழுமலையிடம் சொன்னேன், இன்று காலை அந்தோணியம்மாளிடம் சொன்னேன். "இன்னாங்க, பெத்த புள்ளையப் போயி" என்று அந்த அம்மா நம்ப மாட்டேன் என்கிறது. சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தப் போட்டோக்களை அழித்துவிடு. உன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அங்கேயும், அந்தப் பிள்ளைகளிடம் இருந்தால் அவர்களிடமும் அழிக்கச் சொல். அழித்துவிட்டேன்ப்பா என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம். அது வந்ததும், மறுபடியும் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன். என் மகன் பேசினால் நம்பலாம் என்று சொல்கிறேன்.

உன் அப்பா